அரச மேலங்கிக்குள் சோழமண்டலத் துணி

மலாக்காவின் சுல்தான் மஹ்மூட் ஷா, துணி வாங்கி வருவதற்கென்றே ஹங் நாடிமைக் கலிங்கத்துக்குக் கப்பலேற்றினார் என்கிறது மலாய் வரலாற்று ஏடான ‘செஜாரா மெலாயு’. ஹங் நாடிம் சாதாரண ஆள் இல்லை. ஹங் ஜெபாட்டின் மகன், கடற்படைத் தலைவர் ஹங் துவாவின் மருமகன். அவர் கொண்டுவர வேண்டியது நாற்பது வகைச் சித்திரத் துணி. ஒவ்வொரு வகையிலும் நாற்பது துணி, ஒவ்வொரு துணியிலும் நாற்பது வகைப் பூ. கலிங்கத்துச் சித்திரக்காரர்கள் எழுதிக் காட்டிய மாதிரிகள் எதுவும் ஹங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே தூரிகையை எடுத்துத் தன் மனத்திலிருந்த பூவை வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் கப்பல் மூழ்கியது. சுல்தானின் கைக்கு வந்து சேர்ந்தவை நான்கே துணிகள்.

நாற்பது என்ற எண் கதைக்கான எண்தான். ஆனாலும் இந்தக் கதையில் ஓர் உண்மையான வணிக முறை பதிவாகியிருக்கிறது. வங்கக் கடலின் ஒரு கரையில் இருந்த அரண்மனை, மறுகரையில் இருந்த சித்திரக்காரருக்கு ‘எனக்கு இன்ன பூ வேண்டும்’ என்று சொல்லி அனுப்பியது. தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஓர் அரசனின் தோளுக்காக அந்தச் சித்திரக்காரர் கலம் என்ற எழுதுகோலைப் பிடித்தார். பல நூற்றாண்டுகள் நடந்த அந்த ஏற்பாட்டின் எச்சங்கள், வெட்டப்பட்டும் தைக்கப்பட்டும் உருமாறி, தென்கிழக்காசிய அரச குடும்பங்களின் பெட்டிகளில் தங்கிவிட்டன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. எழுதுபவனின் இருப்பிடம் புக்கிட் ரோத்தான். சிலாங்கூர் அரச வம்சத்தின் முதல் மூன்று சுல்தான்கள் அடங்கியிருக்கும் புக்கிட் மெலாவத்தி எங்களுக்குப் பக்கத்துக் குன்று. அதனால் கேள்வியை அங்கிருந்து கேட்பதுதான் எனக்கு இயல்பாக வருகிறது.

ஒரு திருத்தத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலாய் ஏடுகள் கலிங்கம் என்று சொல்லும்போது தெலுங்குக் கரையையும் தமிழ்க் கரையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மசூலிப்பட்டினமும் பழவேற்காடும் நாகப்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் ஒரே பெயருக்குள் அடங்கின. ஆகவே இந்தத் துணிகளையெல்லாம் தமிழன் செய்தது என்று மார்தட்டிக்கொள்வது நேர்மையாகாது. இன்னொன்று, மலாய் வீரர்களும் அரசர்களும் இடுப்பில் கட்டிக்கொண்ட ‘சிண்டாய்’ பட்டு குஜராத்தின் பட்டோலா. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை. இவற்றைக் கழித்த பிறகும் நம் பங்கென்று சொல்ல நிறையவே இருக்கிறது.

மலாக்கா அரண்மனையில் ஆடை என்பது பதவியின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். யாருக்கு எத்தனை தாம்பாளத்தில் ஆடை வழங்குவது என்பதை ‘செஜாரா மெலாயு’ விதியாகவே சொல்கிறது. இளவரசர்களுக்கும் முதன்மை அமைச்சர்களுக்கும் ஐந்து தாம்பாளம்: மேலங்கிக்கு ஒன்று, தலைத்துணிக்கு ஒன்று, தோள்துண்டுக்கு ஒன்று, இடைக்கச்சைக்கு ஒன்று, கீழே உடுத்தும் துணிக்கு ஒன்று. பதவி இறங்க இறங்கத் தாம்பாளமும் குறையும். கடைநிலையில் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் வந்துவிடும். மஞ்சள் அரசருக்கு மட்டும் உரிய நிறம். மற்றவர் அதை வெளியில் உடுத்தத் தடை இருந்தது. இன்று தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் எங்கள் தோட்டத்து மக்கள் தலைமுதல் கால்வரை மஞ்சள் உடுத்திச் சாலையில் நடக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மேற்குக் கரையில் அதற்கு அனுமதி கிடைத்திருக்காது.

பரிசாக ஆடை கொடுத்து ஒருவனைத் தன்னவனாக ஆக்கிக்கொள்வது நமக்கும் பழைய பழக்கம். கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனின் கந்தலைக் களைந்து நல்லாடை உடுத்தியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. கோவிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்பதற்காக நீதிமன்றம் வரை போனவர்கள் நாம். தாம்பாள எண்ணிக்கையின் கனத்தைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அந்தக் கனத்தை மலாக்காவில் உயிரைக் கொடுத்துக் காட்டிய ஒருவர் உண்டு. நீனா சத்து, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பெருவணிகர். 1511இல் போர்ச்சுகீசியர் நகரைப் பிடித்தபின் அங்கிருந்த இந்து வணிகச் சமூகத்துக்குத் தலைவராக, பெண்டஹாராவாக, அவரை அமர்த்தினார்கள். 1514இல் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவானது. நீனா சத்து சந்தனக் கட்டைகளால் சிதை அடுக்கச் சொல்லி, பொன்னிழை ஆடை உடுத்தி, ஊரார் முன்னால் தான் செய்த பணிகளை எடுத்துச் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார் என்று போர்ச்சுகீசியர் எழுதிவைத்திருக்கிறார்கள். பதவி போகலாம், பதவிக்கான ஆடையை இன்னொருவன் கையில் கழற்றிக் கொடுக்க மாட்டேன் என்ற முடிவாகத்தான் அதை என்னால் படிக்க முடிகிறது.

சிலாங்கூருக்கு வருவோம். இங்குள்ள அரச வம்சம் மலாக்கா வழியில் வந்ததல்ல. சுலாவெசித் தீவின் பூகிஸ் வழி. லூவூ அரச குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து சகோதரர்களில் ஒருவரான டாயேங் செலாக்கின் மகன் ராஜா லூமு. 1766இல் பேராக் சுல்தான் மஹ்மூட் ஷா அவரைச் சிலாங்கூரின் முதல் சுல்தானாக ஏற்று, அரச இசைக்கருவித் தொகுதியான நோபாட்டையும் வழங்கினார். தலைநகர் கோலசிலாங்கூர். 1784இல் டச்சுக்காரர்கள் புக்கிட் மெலாவத்திக் கோட்டையைப் பிடித்துத் தங்கள் ஆளுநர் தலைவரின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார்.

டச்சுக்காரர்கள் இந்த ஆற்றுமுகத்துக்கு ஏன் வந்தார்கள் என்றால், ஈயத்துக்காக. உள்நாட்டிலிருந்து ஈயம் ஆற்றோடு இறங்கியது. துணியும் அபினும் கடலிலிருந்து ஏறின. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்துக்கு முன்னும், அதன் தடைகளை மீறியும், இந்தத் துணியைக் கொண்டுவந்தவர்கள் நாகூர், பரங்கிப்பேட்டைக் கரைகளின் சூலியா முஸ்லிம் வணிகர்கள். கெடா, பேராக், சிலாங்கூர், ரியாவ் என்று ஆற்றுமுகம் ஆற்றுமுகமாக அவர்கள் வாணிபம் செய்தார்கள். தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை எழுதும்போது இவர்களை வேறு யாரோ போல ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நம் வரலாற்றை நாமே வெறும் நூறு ஆண்டுக் கதையாகக் குறுக்கிக்கொள்வதாகும்.

இத்தனை தொலைவு வந்த பருத்தித் துணி, ஈரமும் பூச்சியும் நிறைந்த நாட்டில் முந்நூறு ஆண்டு நிறம் குன்றாமல் நின்றதற்குக் காரணம் சாயம். நெசவானதும் துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு, பின்னால் எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். மூங்கில் கலத்தால் கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் காடியையும் சிவப்புக்குப் படிகாரக் கரைசலையும் தீட்டுவார்கள். பிறகு சாயவேர் போட்ட கொதிநீரில் துணி இறங்கும். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிற்கும். கடற்கரை மணலில் வளரும் அந்த இம்பூறல் வேரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுத்தார்கள். டச்சுக்காரர்கள் அதற்கென்றே குத்தகை நடத்தினார்கள். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை உருக்கி எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி சாயம், மறுபடி வெயில். ஒரு நல்ல துணி முடியப் பல வாரங்கள் ஆகும்.

அப்படி ஏறிய சிவப்பு துவைக்கத் துவைக்கத் துலங்கும். கறுப்புதான் துரோகம் செய்யும். இரும்புக் காடி பருத்தி இழையை மெல்ல அரிக்கும். பழைய சித்திரத் துணிகளில் பூவும் கொடியும் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் இற்றுப்போய்ப் பொத்தலாகியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு மேலங்கியை எங்கே ஒட்டுப்போட்டார்கள், எந்தப் பக்கத்தை உள்ளே மடித்தார்கள் என்பதைப் பெரும்பாலும் இந்தக் கோடுகள்தான் தீர்மானித்தன.

இனி, மாற்றித் தைப்பது. மலாய் மேலங்கியின் வெட்டு நேர்கோட்டு வெட்டு. உடம்புக்கு இரண்டு நீண்ட துண்டு, கைக்கு இரண்டு, பக்கவாட்டில் ‘பேசாக்’ என்ற இணைப்புத் துண்டுகள், அக்குளில் ‘கெக்கேக்’ என்ற சிறு சதுரம். இந்த அமைப்பில் துணி வீணாவதே குறைவு. தையலைப் பிரித்தால் கிட்டத்தட்ட முழுத் துணியும் திரும்பக் கையில் வந்துவிடும். தந்தையைவிடப் பருத்த மகனுக்குப் பேசாக்கை அகலமாக்கினால் போதும். மெலிந்த பேரனுக்கு அதை எடுத்துவிடலாம். ஓரத்திலிருந்த முக்கோண வரிசை கீழ்விளிம்புக்குப் போகும்; கிழிந்த கை இடைக்கச்சையாகும். மேலங்கியாக நிற்க முடியாத நிலை வந்தால், மணமேடைத் தலையணையின் முகப்பாகவோ இன்னொரு மேலங்கியின் உள்துணியாகவோ அது குடும்பத்தோடு தொடரும். நம் வீடுகளில் ஆயாவின் கூறைப்புடவை தூளியாகி, தூளி கிழிந்து பிள்ளையின் தலைக்கடித் துணியாவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது.

சேகரிப்பாளர்களும் ஏலக்கடைகளும் வெட்டுப்படாத முழுத் துணியைத்தான் தேடுகிறார்கள். வெட்டித் தைத்தது அவர்களுக்கு இரண்டாந்தரம். இதை நான் ஏற்கவில்லை. வெட்டப்படாத துணி, செய்தவரைப் பற்றி மட்டும் சொல்லும். வெட்டித் தைத்தது, அணிந்தவர் ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லும். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். வெயில் படாத மடிப்புக்குள் மூலநிறம் ஒளிந்திருக்கும். டச்சு நிறுவனத்தின் எழுத்துமுத்திரை துணியின் முனையில் குத்தப்படுவது வழக்கம். அது மேலங்கியின் அக்குளுக்குள் கிடைத்தால், துணி வந்தபோது அந்தத் துண்டு எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இப்படிப் படித்ததற்கு நல்ல சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. ஹியர்ஃபோர்ட்ஷயரின் பாக்டன் கிராமத் தேவாலயத்தில் பீடத்துணியாகப் பலகாலம் இருந்த ஒரு பூவேலைத் துணி, முதலாம் எலிசபெத் அரசியின் ஆடையிலிருந்து வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அண்மையில் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆடையாக இருந்தபோது விழுந்த வெட்டுகளின் வடிவமே அவர்களுக்குத் துப்பாயிற்று.

சோழமண்டலத் துணிக்கும் இத்தகைய கிளைக்கதைகள் பல. சியாம் அரண்மனை தன் காவலர் மேற்சட்டைக்கான சிங்கமுகக் கோலத்தையே சோழமண்டலத்துக்கு எழுதி அனுப்பி, துணியை அங்கே எழுதவைத்து, தன்னிடத்தில் தைத்துக்கொண்டது. ஜப்பானில் ஹிக்கோனே நகரின் ஈயி பிரபுக் குடும்பம் இந்தியச் சித்திரத் துணியின் சிறு துண்டுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்தது. இன்று அவை தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சிலாங்கூருக்கு நெருக்கமானது சுலாவெசியின் கதை. அரச வம்சத்தின் பூர்வீகமான லூவூவுக்கு மேலே, மலைநாட்டில் தோராஜா மக்கள் இருக்கிறார்கள். கடற்கரை பூகிஸ் அரசுகள் வழியாக மலையேறிய இந்தியத் துணிகளை அங்குள்ள மேல்குடிக் குடும்பங்கள் ‘மாஆ’ என்ற பெயரில் குலச்சொத்தாகக் காக்கின்றன. ‘தொங்கோனான்’ என்னும் மூதாதையர் வீட்டில், கூடைக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். இறப்புச் சடங்குக்கும் வீடு புதுக்கும் சடங்குக்கும் மட்டுமே வெளியே எடுப்பார்கள். தோளில் போர்த்துவதும் உண்டு, தைத்து அணிவதும் உண்டு, வீட்டின் முகப்பில் தொங்கவிடுவதும் உண்டு. இவை மனிதர் நெய்தவை அல்ல, மூதாதையர் வானிலிருந்து கொண்டுவந்தவை என்பது அவர்களுடைய நம்பிக்கை. கார்பன் முறையில் காலம் கணித்தபோது அவற்றில் சில 14, 15ஆம் நூற்றாண்டுகளுக்குப் போயின. அவ்வளவு பழையவை பெரும்பாலும் குஜராத்தின் அச்சுத் துணிகள். சோழமண்டலத்துச் சித்திரத் துணிகளில் பல அதற்குப் பின்னால் வந்தவை; அவற்றில் டச்சு முத்திரையையும் காணலாம். இந்தியாவில் அந்தக் காலத்துத் துணிகள் ஏறக்குறைய முழுதாக அழிந்துவிட்டன. நம் கரைகளின் நெசவுச் சரித்திரத்தை எழுதுபவர்கள் தோராஜா மலைக் குடும்பங்களின் கூடைகளைப் பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. கிழியாமல் காத்ததற்கு மட்டுமல்ல, கிழிந்தபோது தூக்கியெறியாமல் தைத்ததற்கும் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

மலாய் அரண்மனைகள் வந்த துணியை வெட்டித் தைப்பதோடு நிற்கவில்லை. அதன் மேல் தங்கள் கைவேலையையும் ஏற்றின. சிலாங்கூரிலும் செய்யப்பட்ட ‘தெலெப்போக்’ அப்படிப்பட்டது. அடர்நிறத் துணியைக் கஞ்சி போட்டு, சோழியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் பளபளப்பாக்குவார்கள். மர அச்சில் பசை தடவித் துணியில் ஒற்றி, அதன்மேல் பொன்தகடு பதிப்பார்கள். இந்தத் துணியைத் துவைக்கவே முடியாது. வாழ்நாளில் சில முறையே உடுத்தக்கூடிய அந்த உடைதான் விழா உடையின் உச்சம். துவைத்தால் பொலியும் சாயவேர்ச் சிவப்பும் துவைத்தால் அழியும் பொன்தகடும் ஒரே அரண்மனையில் அருகருகே இருந்தன.

இன்று மலேசிய மாமன்னர் அரியணை ஏறும் நாளில் அணியும் மேலங்கிக்கு ‘மஸ்கட்’ என்று பெயர். கறுப்புக் கம்பளித் துணியில் பொன்னிழைப் பூவேலை. ஓமானின் தலைநகரிலிருந்து வந்த பெயர். அரபு அங்கியின் சாயலை மலாய் அரண்மனை தனக்கேற்ப மாற்றிக்கொண்டதன் விளைவு. ஒன்பது அரச குடும்பங்கள் முறைவைத்து அமரும் அரியணை என்பதால், இந்த உடையின் வடிவம் ஒரு குடும்பத்துக்குள் தங்காமல் குடும்பம் விட்டுக் குடும்பம் போகிறது. சிலாங்கூருக்கு அதில் ஒரு துயரமும் உண்டு. சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா 1960 ஏப்ரலில் இரண்டாவது மாமன்னரானார். முடிசூட்டு விழாவுக்குக் குறித்திருந்த நாள் செப்டம்பர் 1. அன்றே அவர் காலமானார். தந்தைக்கு வாய்க்காத அந்த விழா, மகன் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா 1999இல் 11ஆவது மாமன்னரானபோதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றில் எங்களுக்கு என்ன வேலை என்று புக்கிட் ரோத்தானில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வட்டாரத்துத் தமிழர்களின் கதை வழக்கமாக ரப்பரில் தொடங்கும், பிறகு செம்பனை. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். அங்கே உழைக்க வந்தவர்களும் அவர்களைப் போன்ற பல லட்சம் பேரும் தஞ்சாவூர், திருச்சி, தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். டச்சுக்காரர்கள் 1658 முதல் ஆங்கிலேயர் பிடித்த 1781 வரை துணிப்பொதிகளை ஏற்றிய அதே துறைமுகம். 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகளின் மலிவு அச்சுத் துணி கீழைக் கடல் சந்தையைப் பிடித்துக்கொண்டது. துணி ஏற்றிப் பிழைத்த கரை, ஆள் ஏற்றும் கரையாயிற்று. அந்தக் கரையின் வேலைத்திறன் அரசர்களின் தோளில் ஏறியபோது அதற்கு விலை இருந்தது, மரியாதையும் இருந்தது. அதே கரையின் மக்கள் லயங்களுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டும் குறைந்துபோயின. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைப்பதற்கில்லை.

கிள்ளானில் 1909இல் கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்த கட்டடம் ஒன்று 2007 முதல் சுல்தான் அப்துல் அஜிஸ் அரச காட்சியகமாக இருக்கிறது. அரச வம்சத்தின் உடைகளும் முடியணிகளின் மாதிரிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. புக்கிட் மெலாவத்தியின் மேலே மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. மலேசியாவின் இத்தகைய காட்சிக்கூடங்களில் பழைய விழா உடைகளை முன்பக்கம் மட்டும் தெரியும்படி கண்ணாடிக்குள் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மேலங்கியையாவது உட்புறம் தெரியும்படி விரித்துவைக்கலாம். எந்தத் துண்டு எந்தக் கரையில் சாயமேறியது, எந்தத் தையல் பிற்காலத்தது, எந்த ஒட்டு யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்த அளவுக்கு அருகில் எழுதிவைக்கலாம். மலாயோடு தமிழிலும் அதை எழுதினால், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு, ரப்பர் மரத்துக்கு முந்தைய ஒரு பாடத்தை நின்ற இடத்திலேயே நடத்த முடியும்.